கணையக் கட்டிக்கு பயாப்ஸியா? ‘எந்த ஊசி டாக்டர்?’னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க!

விருதுநகர் மார்க்கெட்ல மூட்டை பார்க்கிறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? உளுந்து, துவரை, மல்லி... எந்த மூட்டையா இருந்தாலும் பிரிச்சுக் கொட்டிப் பார்க்க மாட்டாங்க. கையில ஒரு குத்தூசி இருக்கும். முனை கூர்மை, உடம்பு குழிவு. சாக்குல ஒரு குத்து குத்தி இழுத்தா, அந்தக் குழிவுல கொஞ்சம் தானியம் வந்து நிக்கும். அதை உள்ளங்கையில கொட்டி, ஊதி, ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பார்த்து சரக்கோட தரத்தைச் சொல்லிடுவாங்க. மொத்த மூட்டைக்கும் அந்த ஒரு பிடிதான் சாட்சி.

கணையத்துல கட்டி இருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சா, டாக்டர்கள் செய்றதும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு ஊசியை விட்டு, கட்டியில இருந்து துளி சதை எடுத்து, மைக்ராஸ்கோப்ல பார்க்கிறாங்க. அதுக்குப் பேர்தான் பயாப்ஸி. ஆனா, ‘பயாப்ஸி எடுக்கணும்’னு சொன்னதும் நாம கேட்கிற கேள்வி ரெண்டே ரெண்டுதான்: ‘வலிக்குமா?’, ‘எவ்ளோ ஆகும்?’. மூணாவதா ஒரு கேள்வி இருக்கு. எந்த ஊசியில எடுக்கப் போறாங்க?

‘அது டாக்டரோட வேலை, நமக்கெதுக்கு?’னு தோணும். ஏன் தெரிஞ்சுக்கணும்னு ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நீங்க வெம்பக்கோட்டைக்காரர்னு வெச்சுக்குங்க. அப்பாவுக்கு ரெண்டு மாசமா சாப்பாடு இறங்கல, உடம்பு இளைக்குது, இப்போ கண்ணு மஞ்சளா இருக்கு. சிவகாசியில சி.டி. ஸ்கேன் எடுத்தா, ‘கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி’னு ரிப்போர்ட். அங்கிருந்து மதுரைக்கு அனுப்புறாங்க. விடியக்காலையில பஸ் ஏறி, சிவகாசியில மாறி, வெறும் வயித்தோட அப்பாவைக் கூட்டிட்டுப் போறீங்க. பட்டாசு ஆலையில அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு, உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. ஊசி போட்டு எடுத்து, ஒரு வாரம் காத்திருந்து ரிப்போர்ட்டைப் பிரிச்சா, ஒரே வரி: ‘கண்டறிய போதுமான செல்கள் இல்லை. மீண்டும் எடுக்கவும்.’

மறுபடியும் அதே பஸ், அதே பட்டினி, அதே செலவு. அதைவிட முக்கியம், கணையப் புற்றுநோயில ரெண்டு மூணு வாரம்ங்கிறது சின்ன விஷயமே இல்ல. கண்டுபிடிக்கும்போதே ஆபரேஷன் பண்ணக்கூடிய நிலைமையில இருக்கிறவங்க அஞ்சுல ஒருத்தர்கூட இருக்கிறது கஷ்டம். மத்தவங்களுக்கு கீமோதெரபிதான் முதல் வழி. பயாப்ஸியில ‘இது புற்றுநோய்தான்’னு உறுதியாகாம கீமோவைத் தொடங்க மாட்டாங்க. ரிப்போர்ட் தள்ளிப்போனா சிகிச்சையும் தள்ளிப்போகும்.

வாய் வழியா ஏன் போறாங்க?

கணையம் இருக்கிற இடம் அப்படி. இரைப்பைக்குப் பின்னாடி, முதுகெலும்பை ஒட்டி, பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவுல பதுங்கிக் கிடக்கிற உறுப்பு அது. தலைப்பகுதியை முன்சிறுகுடல் ஒரு வளையம் மாதிரி சுத்தி இருக்கும். உடலும் வாலும் இரைப்பைக்குப் பின்னாடி இடதுபக்கமா நீளும். வயித்துக்கு வெளியில இருந்து ஊசியை விட்டா ரொம்ப தூரம் போகணும், வழியில குடல், ரத்தக்குழாய்னு ஆயிரம் தடை. ஆனா, இரைப்பைக்குள்ள இருந்து பார்த்தா கணையம் பக்கத்து வீடு. நடுவுல ஒரு சுவர்தான்.

இதுக்காக வந்ததுதான் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். சுருக்கமா இ.யூ.எஸ். சாதாரண எண்டோஸ்கோப் குழாயோட நுனியில ஒரு குட்டி ஸ்கேன் கருவி. வாய் வழியா இறக்கி, இரைப்பைச் சுவரையோ குடல் சுவரையோ ஒட்டி வெச்சா, அந்தப் பக்கம் இருக்கிற கணையம் திரையில தெரியும். குழாய்க்குள்ள ஒரு நீளமான ஊசியை இறக்கி, திரையைப் பார்த்துக்கிட்டே சுவரைத் தாண்டிக் கட்டிக்குள்ள குத்தலாம். வழியில ரத்தக்குழாய் இருக்கான்னு கலர் டாப்ளர்ல பார்த்துக்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் வில்மனும் அவரோட குழுவும் 1992-ல இப்படிக் கணையத்துல இருந்து செல் எடுத்ததை வெளியிட்டாங்க. முப்பது வருஷத்துல இது உலகம் முழுக்க வழக்கமான முறையாகிடுச்சு.

இந்தச் சோதனையை நீங்க ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீங்க, பேர் தெரியாம. 2005-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஸ்டீவ் ஜாப்ஸ் பேசின வீடியோ ஞாபகம் இருக்கா? யூடியூப்ல பார்க்காதவங்க கம்மி. தொண்டை வழியா குழாயை விட்டு, வயித்தைத் தாண்டி, கணையத்துல ஊசி போட்டுக் கொஞ்சம் செல்களை எடுத்தாங்கன்னு அதுல சொல்வார். காலையில ஸ்கேன் பார்த்தப்போ அவருக்குச் சொல்லப்பட்டது, இது குணமாகாத வகையா இருக்கலாம்ங்கிறது. சாயந்திரம் மைக்ராஸ்கோப்ல செல்களைப் பார்த்த டாக்டர்கள் அழுதுட்டாங்களாம். ஏன்னா, அது ஆபரேஷன்ல குணப்படுத்தக்கூடிய அபூர்வ வகை. நியூரோஎண்டோகிரைன் கட்டி. ஒரே நாள்ல, ஒரு ஊசி ஒரு மனுஷனோட கணக்கையே மாத்திடுச்சு. (அதுக்கப்புறம் அவர் பல மாசம் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டது தனிக்கதை. 2011 அக்டோபர்ல இறந்தார்.)

நம்ம ஊர்ல இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். கணையத்துல தெரியுற எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்ல. கணையத்துல காசநோய் வந்தாலும் கட்டி மாதிரி தெரியும். காசநோய் மாத்திரையில சரியாகிடும். ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி, ஸ்டீராய்டுல கரைஞ்சு போகும். நாள்பட்ட கணைய அழற்சியில, அதுவும் தமிழ்நாடு, கேரளாவுல பார்க்கிற கல் படிஞ்ச வகையில, வீங்கின இடமே கட்டி மாதிரி காட்டும். அதே மாதிரி நோயாளிக்குத்தான் புற்றுநோய் வர்ற ஆபத்தும் அதிகம். ஸ்கேன் படத்தை மட்டும் வெச்சு எல்லா நேரமும் பிரிச்சுச் சொல்லிட முடியாது.

ஒரு விஷயம், எல்லாருக்கும் பயாப்ஸி தேவையும் இல்ல. ஸ்கேன்ல தெளிவா புற்றுநோய் மாதிரி தெரிஞ்சு, எடுத்துடலாம்ங்கிற நிலைமையிலயும் இருந்தா, பயாப்ஸி இல்லாமலே நேரா ஆபரேஷனுக்குப் போறதுதான் பல இடங்கள்ல வழக்கம். ‘ஊசியே போடாம அறுக்கிறாங்களே’னு பதறாதீங்க. கீமோ முதல்ல கொடுக்கணும், இல்லைன்னா நோய் பரவியிருக்கு, இல்லைன்னா படம் சந்தேகமா இருக்குன்னாதான் ஊசி கட்டாயம்.

நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்

சரி, ஊசிக்கு வருவோம். 19, 22, 25னு மூணு நம்பர் காதுல விழும். அது ‘கேஜ்’. ராஜபாளையம் மில் வேலை தெரிஞ்சவங்களுக்கு இதைப் புரியவைக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. நாற்பதாம் நம்பர் நூலைவிட நூறாம் நம்பர் நூல் மெலிசு இல்லையா? அதே கணக்கு. 19 தடிமன், குறுக்களவு சுமார் 1.1 மில்லிமீட்டர். 22 சுமார் 0.7. 25 சுமார் 0.5. ரத்த டெஸ்ட்டுக்கு உங்க கையில குத்துற ஊசி பெரும்பாலும் 21, 22 நம்பர்தான். ஆக, தடிமனைப் பார்த்துப் பயப்பட எதுவும் இல்ல. நீளம்தான் மிரட்டும். தொண்டையில இருந்து கணையம் வரைக்கும் போகணுமே, ஒரு மீட்டருக்கு மேல இருக்கும்.

தடியான ஊசியில நிறைய சதை வரும், அப்போ 19-தானே பெஸ்ட்? அங்கேதான் சிக்கல். கணையத்தின் தலைப்பகுதியில கட்டி இருந்தா குழாய் இரைப்பையைத் தாண்டி சிறுகுடலுக்குள்ள வளைஞ்சு நிக்கணும். அந்த வளைவுல 19 நம்பர் ஊசி விறைச்சுக்கிட்டு நகராது. 25 நம்பர் நூல் மாதிரி வளைஞ்சு போகும், ரத்தமும் கம்மியாத்தான் கலக்கும். ஆனா, கிடைக்கிற சதை ரொம்பக் கொஞ்சம். நடுவுல இருக்கிற 22-தான் இப்போ அதிகம் புழங்குற நம்பர்.

உதிரி மண்ணா, அடுக்கு மண்ணா?

நம்பரைவிடப் பெரிய வித்தியாசம் ஊசியோட வேலையில இருக்கு. எஃப்.என்.ஏ, எஃப்.என்.பி. பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம். எஃப்.என்.ஏ-னா உறிஞ்சி எடுக்கிறது. எஃப்.என்.பி-னா வெட்டி எடுக்கிறது.

வெம்பக்கோட்டைக்காரங்களுக்கு இதுக்கு நான் வேற எங்கேயும் போய் உதாரணம் தேட வேண்டியதில்ல. விஜயகரிசல்குளத்துல 2022-ல தொல்லியல் துறை குழி தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மைன்னு நிறைய எடுத்திருக்காங்க. போய்ப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அங்கே யாரும் மண்வெட்டியைப் போட்டு வாரி எடுக்கிறதில்ல. ஒவ்வொரு பொருளும் எந்த அடுக்குல, எத்தனை ஆழத்துல, எதோட பக்கத்துல கிடந்துச்சுன்னு குறிச்சுக்கிட்டுத்தான் எடுப்பாங்க. தனியா ஒரு மணி கிடைச்சா ‘இது மணி’ன்னுதான் சொல்ல முடியும். அது கிடந்த அடுக்கும் தெரிஞ்சாதான் அங்கே வாழ்ந்தவங்களைப் பத்திச் சொல்ல முடியும்.

எஃப்.என்.ஏ ஊசியில வர்றது உதிரி செல்கள். கண்ணாடித் தட்டுல தேய்ச்சு, சாயம் போட்டுப் பார்ப்பாங்க. செல்லோட முகம் தெரியும். ‘இது புற்றுநோய் செல்’னு சொல்லவும் முடியும். ஆனா, அது எந்த வீட்டுல, யார் பக்கத்துல இருந்துச்சுன்னு தெரியாது. எஃப்.என்.பி ஊசியில வர்றது அடுக்கு கலையாத ஒரு சின்ன சதைத்துண்டு, சேமியா மாதிரி. செல்கள் எப்படி வரிசை கட்டியிருக்கு, சுத்தி நார் எப்படி ஓடுதுன்னு எல்லாம் அப்படியே இருக்கும்.

அது எதுக்கு வேணும்? ஆட்டோஇம்யூன் அழற்சியை எடுத்துக்குங்க. அதுக்குன்னு நார்கள் சுழிசுழியா ஓடுற ஒரு அமைப்பு இருக்கு. உதிரி செல்லுல அது தெரியவே தெரியாது. ஜாப்ஸுக்கு வந்த வகைக் கட்டியில, செல்கள் எவ்வளவு வேகமா பெருகுதுன்னு ‘கி-67’னு ஒரு கணக்கு எடுப்பாங்க. நூற்றுக்கணக்குல செல்களை எண்ணணும். கொஞ்சம் சதை இருந்தா போதாது. இப்போ புதுசா, கட்டியோட ஜீன் டெஸ்ட் பண்ணி மருந்து தேர்ந்தெடுக்கிற முறையும் வந்துடுச்சு. அதுக்கும் சதை வேணும்.

இன்னொரு காரணமும் இருக்கு, கணையப் புற்றுநோயோட குணம் அது. கட்டி முழுக்கப் புற்றுநோய் செல்னு நினைப்போம். இல்லவே இல்ல. பெரும்பகுதி வெறும் நார். பனம்பழத்தைச் சப்பிச் சாப்பிட்டவங்களுக்குப் புரியும். நாருக்குள்ள சதை மாட்டிக்கிட்டு இருக்கும், உறிஞ்சினா வராது, பல்லால வழிக்கணும். கணையக் கட்டியும் அப்படித்தான். உறிஞ்சுற ஊசியில சில நேரம் ரத்தம்தான் வரும். வெட்டுற பல்லு உள்ள ஊசி தேவைப்பட்டதே அதனாலதான்.

முனையில என்ன இருக்கு?

முதல் முயற்சி தோத்துப்போச்சு. 2000-களின் தொடக்கத்துல ‘ட்ரூகட்’ வகை வந்துச்சு. 19 நம்பர், ஸ்பிரிங் வெச்சது, பட்டனை அழுத்தினா சதையை வெட்டி எடுக்கும். கல்லீரல் பயாப்ஸியில நல்லா வேலை செஞ்ச ஐடியா. ஆனா, சிறுகுடல் வளைவுல ஸ்பிரிங் மக்கர் பண்ணுச்சு. கட்டி அதிகம் வர்ற தலைப்பகுதியிலயே வேலைக்கு ஆகலைன்னா என்ன பிரயோஜனம்?

அடுத்து வந்தது புரோகோர். இதுதான் நம்ம மார்க்கெட் குத்தூசிக்கு நெருங்கின சொந்தம். ஊசி முனைக்குக் கொஞ்சம் பின்னாடி பக்கவாட்டுல ஒரு வாய் இருக்கும். அந்த வாயில பின்னோக்கிச் சரிஞ்ச ஒரு வெட்டு விளிம்பு. குத்தும்போது ஒண்ணும் ஆகாது, இழுக்கும்போது சதையைச் சீவி உள்ளே போட்டுக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, எஃப்.என்.ஏ-வோட ஒப்பிட்ட ஆய்வுகள்ல பெருசா ஜெயிக்கல.

அப்புறம் வந்த ரெண்டுதான் இப்போ ராஜா. ஒண்ணு, ஷார்க்கோர். முனை ஃபோர்க் மாதிரி பிளவுபட்டு, ஒரு பல் நீளமா, எதிர்ப்பல் குட்டையா இருக்கும். இன்னொண்ணு அக்வயர். இதோட முனை கிரீடம் மாதிரி, சமமான மூணு கூர். கிரீடம் புதுசு இல்ல. 1941-லயே ஃபிரான்சீன்ங்கிற அமெரிக்க டாக்டர் இப்படி ஒரு முனையை விவரிச்சு எழுதியிருக்கார். அதனால மூணு கூர் முனைக்கு இன்னைக்கும் ‘ஃபிரான்சீன்’னுதான் பேர். எழுபது வருஷத்துக்கு மேல கழிச்சு அதை எண்டோஸ்கோப் ஊசியில ஏத்தியிருக்காங்க. ரெண்டும் முன்னோக்கிக் குத்தும்போதே வெட்டிக்கிட்டுப் போறதால, நாருக்குள்ள இருக்கிற சதையும் துண்டா வந்துடுது.

இதையெல்லாம் கம்பெனி விளம்பரத்துல போடுவாங்க. எண்கள் என்ன சொல்லுது? 2019-ல, 27 ஆய்வுகள்ல இருந்த 2,711 நோயாளிகளோட கணக்கைச் சேர்த்துப் பார்த்தப்போ, எந்த ஊசியும் மத்ததைவிடத் தெளிவா மேலன்னு சொல்ல முடியல. ‘நம்பர் எதுவா இருந்தா என்ன, முனை எதுவா இருந்தா என்ன’னு அப்போ பேசிக்கிட்டாங்க. ஆனா, அந்தக் கணக்குல பழைய எஃப்.என்.பி ஊசிகள்தான் அதிகம். 2022-ல எஃப்.என்.பி முனைகளைத் தனியா எடுத்து, 16 ஆய்வுகள், 1,934 நோயாளிகள்னு ஒப்பிட்டாங்க. கிரீட முனையும் ஃபோர்க் முனையும் முன்னாடி வந்துச்சு, அதுலயும் 22 நம்பர். பக்கவாட்டு வாய் வெச்ச ஊசி பின்தங்கிடுச்சு. கிரீடத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல யார் பெரியவர்னு சண்டை போட அவசியமே இல்ல. ஆஸ்பத்திரியில எது இருக்கோ, டாக்டர் கைக்கு எது பழக்கமோ அது போதும்.

அறையில இன்னொரு டாக்டர் வேணுமா?

நம்ம மாவட்டத்து ஆளுங்களுக்கு ரொம்பப் பயன்படுற விஷயம் இதுதான்னு நான் நினைக்கிறேன். எஃப்.என்.ஏ காலத்துல ஒரு வழக்கம் உண்டு. ஊசி எடுக்கிற அறையிலயே ஒரு நோய்க்குறியியல் டாக்டர் மைக்ராஸ்கோப்போட உட்கார்ந்திருப்பார். எடுத்ததை உடனே பார்த்து, ‘போதும்’, ‘இன்னொரு தடவை குத்துங்க’னு சொல்வார். அவர் இருந்தா எஃப்.என்.ஏ-வும் நல்லா வேலை செய்யும். ஆனா, அப்படி ஒருத்தரை ஒவ்வொரு கேஸுக்கும் உட்கார வைக்கிறது பெரிய நகரங்கள்லயே கஷ்டம்.

2021-ல வெளியான ஒரு ஆய்வுல, 800 நோயாளிகளுக்கு எஃப்.என்.பி செஞ்சாங்க. பாதிப் பேருக்கு அறையில அந்த டாக்டர் இருந்தார், பாதிப் பேருக்கு இல்ல. சரியா கண்டுபிடிச்ச விகிதம், அவர் இருந்தப்போ 96.4 சதவிகிதம், இல்லாதப்போ 97.4 சதவிகிதம். அதாவது, வித்தியாசமே இல்ல. ஊசி துண்டா சதை கொண்டுவந்துட்டா, பக்கத்துல ஆள் இல்லாதது ஒரு குறையே இல்ல. எடுக்கிற டாக்டரே கண்ணாடித் தட்டுல வெச்சு, ரத்தச் சிவப்புக்கு நடுவுல வெளுப்பா நூல் மாதிரி துண்டு தெரியுதான்னு வெறும் கண்ணால பார்த்துக்கிறதும் இப்போ வழக்கமாகிடுச்சு.

அதனால, எஃப்.என்.பி ஊசிக்கு விலை கூடன்னு பில்லைப் பார்த்து முகம் சுளிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டாவது தடவை மதுரை போற செலவையும் அதுல சேர்த்துப் பாருங்க. ஆனா, எஃப்.என்.ஏ-னு சொன்னதும் ‘பழைய முறையா?’னு டாக்டர்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க. நீர்க்கட்டின்னா உள்ளே இருக்கிற நீரை உறிஞ்சினாலே போதும், எஃப்.என்.ஏ-தான் சரி. அறையில ஆள் இருந்தாலும் சரிதான். கட்டி சின்னதா, எட்டாத மூலையில, ரத்தக்குழாய்களுக்கு நடுவுல இருந்தா 25 நம்பர் மெலிசு ஊசிதான் பாதுகாப்பு.

ஊசியைவிடக் கை முக்கியம்ங்கிறதும் உண்மை. ஒரே இடத்துல குத்திக்கிட்டு இருக்காம, விசிறி மாதிரி கட்டியோட வெவ்வேறு மூலைக்கு ஊசியை நகர்த்துவாங்க. பெரிய கட்டியோட நடுப்பகுதி செத்துப்போன சதையா இருக்கலாம், ஓரத்துலதான் உயிருள்ள செல் இருக்கும். உள்ளே இருக்கிற மெல்லிய கம்பியை மெதுவா உருவி, லேசா உறிஞ்சுற பக்குவமும் உண்டு. வேகமா உறிஞ்சினா ரத்தம்தான் நிறையும். இது பழகப் பழக வர்ற கைவேலை. அதனால அதிகமா செய்யுற சென்டருக்குப் போறது நல்லது.

‘குத்தினா பரவிடும்!’

இந்தப் பேச்சு வராத வீடே இல்ல. பெரியப்பாவோ பக்கத்து வீட்டு ஆச்சியோ கண்டிப்பா சொல்வாங்க. கேலி பண்ணாதீங்க, அந்தப் பயத்துல துளி உண்மை இருக்கு. ஊசி போன பாதையில செல் ஒட்டி வளர்றது நடந்திருக்கு. ஆனா, மிக மிக அபூர்வம். வயித்துத் தோல் வழியா குத்துறதைவிட இ.யூ.எஸ்-ல இன்னும் கம்மி. தலைப்பகுதிக் கட்டிக்கு ஊசி சிறுகுடல் வழியா போகும். பிறகு ஆபரேஷன் நடந்தா, கட்டியோட அந்தக் குடல் பகுதியையும் சேர்த்தே எடுத்துடுவாங்க. ஊசி போன பாதையும் கூடவே போயிடும். உடல், வால் பகுதிக் கட்டிக்கு இரைப்பை வழியா குத்துறப்போ அந்த இரைப்பைச் சுவர் உள்ளேயே இருக்கும். நேரா ஆபரேஷனுக்குப் போறவங்களுக்குத் தேவையில்லாம குத்த வேணாம்னு டாக்டர்கள் யோசிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மத்த ஆபத்துகளும் கம்மிதான். நூறு பேர்ல ஓரிருவருக்குக் கணைய அழற்சியோ, ரத்தக்கசிவோ வரலாம். மயக்க ஊசி போட்டு, இடதுபக்கமா படுக்கவெச்சுச் செய்றதால குத்துறது தெரியாது. தொண்டை ஒரு நாள் கரகரன்னு இருக்கும். சில மணி நேரம் கவனிச்சுட்டுப் பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் வயித்து வலி கூடிக்கிட்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் கறுப்பா போனாலோ, ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’னு படுத்துடாதீங்க.

போறதுக்கு முன்னாடி அப்பாவோட மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்க. இதயத்துக்கு குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை போடுறாரான்னு டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும். நீங்களா நிறுத்தவும் கூடாது, சொல்லாம மறைக்கவும் கூடாது. சுகர் மாத்திரை, இன்சுலின் போடுறவங்க, பட்டினி இருக்கிற அன்னைக்கு என்ன பண்ணணும்னு முன்கூட்டியே கேட்டுக்குங்க.

ரிப்போர்ட்ல ‘நெகட்டிவ்’னு வந்தா...

நம்மாளுங்க வார்டுலயே லட்டு வாங்கிக் கொடுத்துடுவாங்க. கொஞ்சம் பொறுங்க. எஃப்.என்.ஏ பத்தின 33 ஆய்வுகளைச் சேர்த்து 2012-ல பார்த்ததுல, புற்றுநோய் இருக்கிற நூறு பேர்ல 85 பேரைத்தான் ஊசி பிடிச்சது. 15 பேருக்குத் தவறிடுச்சு. ‘இருக்கு’ன்னு சொன்னா கிட்டத்தட்ட நிச்சயம். ‘இல்ல’ன்னு சொன்னா அவ்வளவு நிச்சயம் இல்ல. மூட்டையோட மேல்பக்கம் குத்தினா நல்ல பயறுதான் வரும், அடியில பூச்சி இருக்கலாம் இல்லையா?

அதனால நாலு வார்த்தையைப் பிரிச்சுத் தெரிஞ்சுக்குங்க. ‘போதுமான மாதிரி இல்லை’ன்னா சோதனையே நடக்கலைன்னு அர்த்தம், நல்ல செய்தி இல்ல. ‘இயல்புக்கு மாறானது’ன்னா செல் சரியில்ல, ஆனா பேர் வைக்க முடியல. ‘சந்தேகத்துக்குரியது’ன்னா கிட்டத்தட்ட உறுதி, கையெழுத்து மட்டும் போடல. ‘புற்றுநோய் செல் இல்லை’ன்னா, ஸ்கேனும் அறிகுறியும் அதையே சொல்லுதான்னு பார்க்கணும். ஸ்கேன் ஒண்ணு சொல்லி ஊசி இன்னொண்ணு சொன்னா, திரும்ப எடுக்கிறதுதான் சரி. அப்படி ரெண்டாவது தடவை எடுக்கும்போது, முதல்ல எஃப்.என்.ஏ-வா இருந்தா இப்போ எஃப்.என்.பி-யான்னு கேளுங்க.

கேட்கிறதுக்கு சங்கடப்படாதீங்க. சண்டை மாதிரி இல்லாம, ‘டாக்டர், அப்பாவுக்கு எஃப்.என்.பி ஊசியா? ஒரே தடவையில ஜீன் டெஸ்ட்டுக்கும் சேர்த்து சதை கிடைக்குமா?’ன்னு சாதாரணமா கேட்டா பெரும்பாலான டாக்டர்கள் சந்தோஷமாத்தான் பதில் சொல்வாங்க. இ.யூ.எஸ் எல்லா ஊர்லயும் இருக்கிற மெஷின் இல்ல. விருதுநகருக்கு 2022-ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துடுச்சுதான். முதல் ஸ்கேன், ரத்த டெஸ்ட்டுன்னு அங்கேயே காட்டி, எங்கே போகணும்னு ரெஃபரல் வாங்கிட்டுப் போறது அலைச்சலைக் குறைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனா, இந்தச் சோதனையும் ஊசியோட விலையும் அதுல சேருமான்னு அந்த ஆஸ்பத்திரியோட காப்பீட்டு கவுன்ட்டர்ல முதல் நாளே கேட்டுடுங்க. ஆலையில இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா, அந்தக் கார்டையும் ரெஃபரல் கடிதத்தையும் கையில வெச்சுக்குங்க. ஊசி குத்தினதுக்கு அப்புறம் பேப்பருக்கு அலையுறதுதான் கொடுமை.

கடைசியா ஒண்ணு, இது பல பேருக்குத் தெரியாது. எடுத்த சதைத்துண்டை மெழுகுல பதிச்சு ஒரு சின்னக் கட்டியா ஆக்கிடுவாங்க. ‘பிளாக்’னு சொல்வாங்க. அதுல இருந்து சீவி எடுத்த மெல்லிய தகடுதான் மைக்ராஸ்கோப் ஸ்லைடு. ரிப்போர்ட் கொடுத்ததும் பிளாக்கைத் தூக்கிப்போட மாட்டாங்க, லேப்ல பத்திரமா வெச்சிருப்பாங்க. வேற டாக்டர்கிட்ட ரெண்டாவது கருத்து கேட்கப் போறீங்கன்னாலோ, சென்னை, வேலூர்னு சிகிச்சையை மாத்துறீங்கன்னாலோ, ரிப்போர்ட் பேப்பரை மட்டும் வாங்கிட்டு ஓடாதீங்க. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்குங்க. போற இடத்துல அதை வெச்சே பார்த்துடுவாங்க, பெரும்பாலும் இன்னொரு தடவை குத்த வேண்டியிருக்காது. மெழுகு உருகிடும்ங்கிறதால, வெயில்ல நிக்கிற பைக் பெட்டியில மட்டும் அதை வெச்சுடாதீங்க.